நடு ஆற்றில் நின்ற எள்ளுத்தாத்தா

அவளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு அவள் முகம் சரியாக நினைவிருக்காது. கண் சாலையிலும் உயிர் தொண்டையிலுமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு முகம் பார்க்க ஏது நேரம்? காதோரம் விடாமல் ஒலித்த "கிளட்ச், கிளட்ச், கிளட்ச்" மட்டும் ஆயுளுக்கும் மறக்காது. அதனால் ஊரில் பாதிப்பேருக்கு அவள் கிளட்ச் அக்கா.

ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. பள்ளி என்றால், ஒரு பழைய காரும் அதில் அவள் காலடியில் கூடுதலாக ஒரு பிரேக்கும். புருஷன் ஒருவன் இருந்தான். அவளிடம் படித்து முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிய ஒரே மாணவியோடு ஒருநாள் காலையில் கிளம்பிப் போய்விட்டான். வண்டியை அந்த மாணவிதான் ஓட்டினாள். ஒரு குலுக்கல் இல்லாமல், கண்ணாடியைப் பார்த்து, விளக்கைப் போட்டு, அழகாகத் திருப்பிக்கொண்டு போனாள். இத்தனை வருடம் கழித்தும் கிளட்ச் அக்காவுக்கு ஆறாதது அதுதான். போயும் போயும் அவளுக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தோமே.

வீட்டு முன்னறையே அலுவலகம். அந்த அறையில் பாதியை ஒரு கறுத்த மர அலமாரி அடைத்துக்கொண்டிருந்தது. குடும்பச் சொத்தைப் பிரித்தபோது நல்ல மேசைகள் அண்ணன் வீட்டுக்குப் போயின; "உனக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்று சொல்லி இதை இவள் தலையில் கட்டிவிட்டார்கள். எள்ளுத்தாத்தா, அதாவது கொள்ளுத்தாத்தாவின் அப்பா, தன் கையாலேயே செய்தது என்று பேச்சு. பார்த்தால் நம்பலாம். ஒரு கதவை மூடினால் மறு கதவு தானாகத் திறந்துகொள்ளும். கதவின் உட்பக்கம் அவர் கத்தியால் செதுக்கிய கயிற்று முடிச்சுகள் ஐந்து இருந்தன. ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் ஒரு முடிச்சு. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். குடும்பத்தின் பிறப்புப் பதிவேடு அவ்வளவுதான். மூன்றாவது முடிச்சின் கீழே மட்டும் அலை போல ஒரு வளைந்த கோடு. அந்தப் பிள்ளை வெள்ளம் வந்த வருடம் பிறந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். முடிச்சுகளுக்கு முன்னால் கிளட்ச் அக்கா சிவப்புக் கூம்புகளை அடுக்கி வைத்திருந்தாள். மாணவர்கள் இடித்து நசுக்கியவை.

அவளுடைய அண்ணன் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். வேலை ஓய்ந்தது, குரல் ஓயவில்லை. வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும் அதைச் செய்தியாகத்தான் அறிவிப்பார். அவரை எல்லோரும் ரேடியோ அண்ணன் என்பார்கள். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் குடும்ப வரலாறு பிடித்துக்கொண்டது. எள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, சொந்தபந்தம் எல்லாரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி, அங்கே வெளியிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

எள்ளுத்தாத்தா ஆற்றில் கயிற்றுப் படகு ஓட்டியவர். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு தடித்த கயிறு கட்டியிருக்கும். அதைக் கையால் இழுத்து இழுத்து ஆட்களைக் கடத்திவிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இரும்புப் பாலம் போட வந்தபோது, அதை எதிர்த்து மனுமேல் மனு கொடுத்தார் என்பதுதான் குடும்பத்தின் பெருமை. உழைக்கும் மக்களின் வயிற்றில் அடிக்காதே என்று முழங்கிய தலைவர். வாரத்தில் பாதிநாள் வீடு தங்காமல் போராட்டத்துக்காக அலைந்தவர். அண்ணன் ஓவியர் ஒருவரை வைத்து அவருக்கு ஒரு படமும் வரைந்திருந்தார். எள்ளுத்தாத்தாவின் புகைப்படம் எதுவும் இல்லாததால் அண்ணனே மாதிரிக்கு உட்கார்ந்தார். ஓவியர் நேர்மையானவர். படத்தில் எள்ளுத்தாத்தாவின் மூக்கில் கண்ணாடி போட்டுக் கழற்றிய தழும்பு தெளிவாகத் தெரிந்தது.

"அந்த மனுக்களோட நகல் நகராட்சி ஆவணக் காப்பகத்துல இருக்கு. நீ போய் வாங்கிட்டு வந்துடு" என்றார் அண்ணன் ஒருநாள்.

"ஏன், நீ போகக் கூடாதா?"

"எனக்கு முட்டி வலி. அது நிலவறைல இருக்கு. படி இறங்கணும்."

"எனக்கு மட்டும் என்ன, முட்டியில ஸ்பிரிங்கா போட்டிருக்கு?"

"உன்கிட்ட வண்டி இருக்கேம்மா."

படி இறங்க வண்டி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அண்ணனோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. அவர் பேசும்போது நடுவில் புகுந்தால் ஒலிபரப்பைத் தடுத்துவிட்ட மாதிரி ஒரு குற்ற உணர்வு வந்துவிடும்.

ஆவணக் காப்பகம் என்பது நகராட்சிக் கட்டடத்தின் அடியில், தண்ணீர்க் குழாய்கள் தலைக்கு மேல் ஓடும் ஒரு நீள அறை. காப்பாளர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூசி ஒத்துக்கொள்ளாத ஒருவரை அரசாங்கம் தேடிப்பிடித்து அங்கே போட்டிருந்தது. இவள் வண்டி ஓட்டும்போது போடும் கையுறையைக் கழற்றாமலே வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது.

"உறை போட்டுட்டு வர்ற முதல் ஆராய்ச்சியாளர் நீங்கதான்" என்று சொல்லித் தும்மினார்.

அவள் மறுக்கவில்லை. ஆராய்ச்சியாளர் என்று யாரும் அவளை அதுவரை சொன்னதில்லை.

மனுக்கள் மூன்று. எழுதத் தெரிந்த யாரோ எழுதியவை. ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கயிற்று முடிச்சு வரைந்திருந்தது. அலமாரிக் கதவில் தினமும் பார்க்கும் அதே முடிச்சு. அதைக் கண்டபோது, சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கே உடம்பு ஒரு நொடி சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு முதல் மனுவைப் படித்து முடிக்கும்வரை தாங்கியது.

முதல் மனு, ஆற்றின் வேகத்துக்குப் பாலம் நிற்காது என்றது. சரி. இரண்டாவது, பாலம் வந்தால் படகுக்காரன் பிழைப்பு என்னாவது என்றது. அதுவும் சரி. அண்ணனின் புத்தகத்துக்கு இது போதும். மூன்றாவது மனுதான் அவளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. பாலம் கட்டியே தீருவது என்றால் கட்டிக்கொள்ளுங்கள், கனம் பொருந்திய அதிகாரி அவர்களே. ஆனால் அதில் பெண்கள் நடப்பதை மட்டும் தடை செய்யுங்கள். உயரத்திலிருந்து ஆற்றைப் பார்ப்பது பெண்களின் நெஞ்சுக்கு ஆகாது. முக்கியமாக, கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்கு. முக்கியமாக, திறப்பு விழா அன்று.

அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். முதல் இரண்டு மனுவிலும் அவருடைய முகவரி இக்கரைத் தெரு, தன் குடும்பம் வழிவழியாக இருந்த தெரு. மூன்றாவது மனுவில் அக்கரை, வெளுப்பவர் சந்து.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்" என்றார் அண்ணன்.

"சந்து பேரோட, வீட்டு அடையாளத்தோட ஒருத்தன் தப்பா எழுதுவானா? எட்டிப்பார்த்தா வேப்பமரம்னு வேற போட்டிருக்கு."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். யோசிக்கும்போதுகூட அவர் தொண்டையைச் செருமுவது ஒலிபரப்புக்குத் தயாராவது போலிருக்கும். "அக்கரையில போராட்ட அலுவலகம் இருந்திருக்கும்" என்றார். "தலைவர்களுக்கு ரெண்டு கரையிலயும் ஆதரவு இருக்குமில்ல?"

இருக்கும், இருக்கும் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அந்த வாரம் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு தையல்காரர். நல்ல மனிதர், ஐம்பது தாண்டியவர், தேர்வில் மூன்று முறை தோற்றவர். ஊசியில் நூலைக் கண்ணை மூடிக்கொண்டு கோக்கும் கைகள், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நடுங்கும். பாலம் என்றாலே அவருக்கு ஆகாது. அதனால்தான் அவரைப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் சொன்னாள். உண்மை அதில் பாதி.

பழைய இரும்புப் பாலத்தில் இப்போதும் வண்டிகள் போகின்றன. தையல்காரர் கார் ஓட்டிய வேகத்துக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒலி எழுப்பினார்கள். ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார். ஒரு நாய்கூட முந்தியது.

"அக்கா, கீழ தண்ணி தெரியுது."

"தண்ணி தெரியாம ஆத்துல வேற என்ன தெரியும்? ரோட்டைப் பாருங்க. கிளட்ச்."

அக்கரையில் வெளுப்பவர் சந்து அதே பெயரோடு இருந்தது. வேப்பமரம் இல்லை, இருந்த இடத்தில் மின்கம்பம். அதை ஒட்டி ஒரு லாண்டரி. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, எண் சீட்டு குத்திய துணி மூட்டைகள். பின்பக்கம் இஸ்திரி போடும் அறை. கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்து, ஒரு சட்டைக் காலரில் இருந்த கறையை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளட்ச் அக்காவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். தலைமயிரை இழுத்து முடிந்திருந்ததால் காதுகள் இரண்டும் வாசற்கதவு திறந்தமாதிரி விரிந்து நின்றன. கிளட்ச் அக்கா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பள்ளியில் இந்தக் காதை வைத்துத்தான் எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள்.

"இந்தச் சந்துல அந்தக் காலத்துல ஒரு படகுக்காரர் குடும்பம் இருந்ததாமே. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எங்க குடும்பம்தான்" என்றாள் லாண்டரிக்காரி. "நீங்க பத்திரிகையா? எங்க இன்ஷூரன்ஸ் அண்ணன் அனுப்பினாரா?"

இன்ஷூரன்ஸ் அண்ணன் என்பது அவளுடைய பெரியப்பா மகன். காப்பீட்டு முகவர். அவருக்கும் குடும்ப வரலாறு பிடித்துக்கொண்டிருந்தது என்று அவள் சொன்னாள். அவர்கள் வீட்டுக் கதைப்படி எள்ளுத்தாத்தா ஒரு மகான். வாரத்தில் பாதிநாள் வீட்டில் இருப்பார். மீதி நாள் தனிமையில் தியானம் செய்ய எங்கோ போய்விடுவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் தவம் கலைந்துவிடும்.

கிளட்ச் அக்காவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கிக்கொண்டாள். "அவர் செஞ்ச சாமான் ஏதாவது வீட்டுல இருக்கா?"

"ஒரு அலமாரி இருக்கு. ஒரு கதவைச் சாத்தினா இன்னொண்ணு தொறந்துக்கும். எங்கப்பா அதைச் சரிபண்ண எத்தனையோ தச்சனைக் கூப்பிட்டுப் பார்த்தார். யாராலும் முடியல."

தையல்காரர் வெளியே காரை நிறுத்தும் முயற்சியில் இருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டுக் கிளட்ச் அக்கா உள்ளே போனாள்.

இஸ்திரி அறையில் நீராவி முகத்தில் அறைந்தது. மூலையில் அதே கறுத்த மரம், அதே கோணல் கால்கள். லாண்டரிக்காரி கதவைத் திறந்தாள். மடித்த படுக்கை விரிப்புகளுக்குப் பக்கத்தில், கதவின் உட்புறம் நான்கு கயிற்று முடிச்சுகள். இரண்டாவதன் கீழே அலைபோல ஒரு கோடு.

"இது வெள்ள வருஷத்துல பொறந்த பிள்ளை" என்றாள் லாண்டரிக்காரி.

"தெரியும். எங்க வீட்டுல அது மூணாவது முடிச்சு."

லாண்டரிக்காரி கதவை விட்டுத் திரும்பினாள். இவள் முகத்தை, பிறகு காதை, ஒரு கறையைக் கண்டுபிடிக்கும் கண்ணால் நிதானமாகப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கக்கா" என்றாள். "நீங்க அக்கரைப் பொம்பளையோட வம்சமா?"

"உங்களுக்குத்தான் நாங்க அக்கரை. அப்போ உங்களுக்கு விஷயம் தெரியுமா? மகான், தியானம்னு சொன்னீங்க?"

"அது ஆம்பளைங்க கதை. அவங்க கல்லாவுல உட்கார்ந்து சொல்லுவாங்க. இங்க, இந்த அறையில, பொம்பளைங்க சொல்லுற கதை வேற. சூடு தாங்காம ஆம்பளைங்க யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க. என் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவங்களுக்கு அவங்க அத்தை."

இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருக்க, லாண்டரிக்காரி சொன்னது இது.

படகுக்காரன் முதலில் கல்யாணம் செய்தது இக்கரைப் பெண்ணைத்தான், கிளட்ச் அக்காவின் பக்கம். சில வருடம் கழித்து, அக்கரையில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி தினமும் கரையில் நின்று துவைப்பதைப் படகிலிருந்து பார்த்தான். அவன் பார்த்தான் என்பதைவிட, நன்றாகப் பாடுவான், அதனால் அவள் பார்த்தாள் என்றுதான் பெண்கள் சொல்லுவார்கள். எப்படியோ அங்கேயும் ஒரு வீடு ஆயிற்று. மரம் ஒன்று வாங்கி இரண்டு அலமாரி செய்தான். துணி ஒன்று எடுத்து இரண்டு வீட்டுப் பிள்ளைக்கும் சட்டை தைத்தான். புத்தியை இரண்டாகப் பிரிக்க முடியாத ஆள், மற்ற எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தான்.

"ஊருல யாருக்கும் தெரியாமயா இருந்தது?" என்று கேட்டாள் கிளட்ச் அக்கா.

"எல்லாருக்கும் தெரியும். ஆனா ஆத்தைக் கடக்கணும்னா அவன் படகுதானே? நடு ஆத்துல உட்கார்ந்துக்கிட்டு அவன் வாயைக் கிளற யாருக்குத் தைரியம் வரும்?"

மனைவிகள் கடக்காமல் இருக்க மட்டும் அவன் தனியாக உழைத்தான். இக்கரைப் பெண்ணிடம் ஆற்றின் சுழலைப் பற்றி வாராவாரம் ஒரு பயங்கரம் சொல்லுவான். போன வாரம் விழுங்கிய ஆளின் பெயர் முதற்கொண்டு சொல்லுவான். அக்கரைப் பெண்ணிடம், எதிர்க்கரையில் விஷக்காய்ச்சல் ஓயவே இல்லை என்பான். இரண்டு பேரும் அவன் உயிரோடு திரும்பி வருவதே பெரிது என்று இருந்தார்கள்.

அப்போதுதான் பாலம் வந்தது.

திறந்த அன்று இரண்டு கரை சனமும் அதில் ஏறியது. இக்கரைப் பெண் மூன்றாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். எதிரே அக்கரையிலிருந்து ஒருத்தி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்தாள். நெரிசலில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே பூப்போட்ட சட்டை. ஒரே காது. அவை ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்துக் கைநீட்டின.

"ஒருத்தி முடியை ஒருத்தி பிடிச்சாங்களா?"

"அதுதான் இல்ல. ரெண்டு பேரும் சட்டையைத் தொட்டுப் பார்த்தாங்களாம். துணி எங்க எடுத்ததுன்னு கேட்டாங்களாம். அப்புறம் ஓரமா, பாலத்துச் சுவர்கிட்டப் போய் நின்னுட்டாங்க."

"நின்னு?"

"பேசினாங்க."

கிளட்ச் அக்கா முக்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். தன் புருஷனோடு போனவளை அவள் அதற்குப் பிறகு ஒருமுறை சாலைச் சந்திப்பில் பார்த்திருக்கிறாள். சிவப்பு விளக்கு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார். இருவரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை விழுந்ததும் அவள் போய்விட்டாள், இவள் வண்டி நின்றுவிட்டது. அவளிடம் கேட்க இவளுக்கு ஏதோ ஒன்று இருந்தது. அது என்னவென்று இன்றுவரை தெரியவில்லை.

"என்ன பேசினாங்க?" என்று கேட்டாள்.

"முதல்ல எங்க பாட்டி கேட்டது, அங்கயும் குறட்டை விடுவானான்னுதான்."

கிளட்ச் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நீராவியில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். லாண்டரிக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். சலவை செய்த, சூடு ஆறாத துண்டு.

"அவன் எங்க இருந்தான் அப்போ?"

"கீழ. ஆத்துல. படகுல ஆளே ஏறல, தனியா கயிறைப் பிடிச்சுக்கிட்டு நடு ஆத்துல நின்னானாம். தலையைத் தூக்கினா, மேல சுவர்மேல சாய்ஞ்சுக்கிட்டு ரெண்டு பொண்டாட்டியும் பக்கத்துல பக்கத்துல நின்னு அவனையே பார்த்துக்கிட்டிருக்காங்க."

கயிற்றுப் படகு இரண்டு இடத்துக்குத்தான் போகும். இந்தக் கரை, இல்லை அந்தக் கரை. இரண்டிலும் அவனுக்கு வேலை இல்லை. வெயில் சாயும்வரை நடுவிலேயே நின்றான். மேலே வேடிக்கை பார்த்தவர்கள் சலித்துப்போய்க் கலைந்தார்கள். கடைசியில் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். ஆறு அவனைப் படகோடு தூக்கிக்கொண்டு போயிற்று.

சில மாதம் ஆளே இல்லை. பிறகு ஒருநாள் கால்நடையாகத் திரும்பி வந்தான், மெலிந்து, படகும் இல்லாமல். அதற்குள் இரண்டு பெண்களும் பாலத்தில் போய்ப்போய் வந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவன் இரண்டு வீட்டிலும் படுக்கக் கூடாது. பாலத்தின் நடுவில் விளக்கேற்றுபவனுக்கு ஓர் அறை உண்டு. அந்த வேலைக்கு நகராட்சியில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்துகொள்ளட்டும். சாப்பாடு ஒருநாள் இங்கிருந்து, மறுநாள் அங்கிருந்து.

"சாகுறவரைக்கும் அங்கதான் இருந்தான்" என்றாள் லாண்டரிக்காரி. "எந்தப் பாலம் வேணாம்னு சொன்னானோ, அதுக்கே விளக்குப் போட்டுக்கிட்டு."

வெளியே வந்தபோது தையல்காரர் காரை மின்கம்பத்துக்கும் ஒரு குப்பைத் தொட்டிக்கும் நடுவில் எப்படியோ செருகியிருந்தார். செருகியவரால் எடுக்க முடியவில்லை. கிளட்ச் அக்காதான் எடுத்தாள். பாலத்தின் நடுவில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி, இறங்கிப் பார்த்தாள். விளக்கு அறை இன்னும் இருந்தது. உள்ளே மின்வாரியத்துப் பெட்டிகள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல். ஒன்று இக்கரையைப் பார்க்க, ஒன்று அக்கரையைப் பார்க்க.

கேட்டதை அப்படியே நம்பிவிட அவளுக்கு மனமில்லை. மறுபடி நிலவறைக்குப் போனாள். காப்பாளர் இந்த முறை பெயர் கேட்காமலே கட்டுகளை எடுத்துப் போட்டார். பால விளக்குக்காரனாக ஒருவனை அமர்த்திய தாளில் முடிச்சு இருந்தது. அதற்குப் பின்னால் நான்காவதாக ஒரு மனுவும் இருந்தது, குடும்பத்தில் யாருக்கும் தெரியாதது. விளக்கு அறையின் இரண்டு ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துத் தருமாறு அதில் கேட்டிருந்தான். காற்று அதிகம் என்று காரணம் சொல்லியிருந்தான். அதிகாரி ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'ஜன்னல்கள் இருக்கட்டும்.'

"இந்த அதிகாரிக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றாள் கிளட்ச் அக்கா.

காப்பாளர் படித்துப் பார்த்தார். தும்மல் வராமல் சிரிக்க அவர் படாத பாடு பட்டார்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அப்படி ஒன்று நடந்தது அவள் நினைவில் இல்லை. பிறகு, "அழைப்பிதழ் போயிடுச்சு" என்றார், செய்திக் குரல் இல்லாமல், வெறும் மனிதக் குரலில். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"அதுக்கென்ன. மக்கள் தலைவர் இல்லேன்னாலும் நம்ம ஆளுதானே" என்றாள்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன்னு புத்தகத்துல எப்படிம்மா போடறது?"

மறுநாள் அவர் முட்டி வலியையும் பார்க்காமல் ஒரு வாடகைக் காரில் அக்கரைக்குப் போனார். விசாரிக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் போனார். அங்கே இன்ஷூரன்ஸ் அண்ணனைச் சந்தித்தார். மக்கள் தலைவரின் வாரிசும் மகானின் வாரிசும் கல்லாவில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் நிறுத்தாமல் பேசுவார், மற்றவரும் அப்படியே. லாண்டரிக்காரி இஸ்திரி அறையிலிருந்து காதை நீட்டிக் கேட்டாள். அவளுடைய காதுக்கு அது பெரிய காரியம் இல்லை. வெளியே வந்தபோது இருவருக்கும் ஒரே வாசகம் கிடைத்திருந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுவதற்கு.

'இரு கரைகளையும் இணைத்தவர்.'

"பொய் ஒண்ணும் இல்லியேக்கா" என்றாள் லாண்டரிக்காரி போனில்.

கூட்டம் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக நடந்தது. அக்கரையில் இருந்த மண்டபத்தில் நுழைந்ததும் இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் காதைப் பார்த்து ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. பெரியவர்கள்தான் யார் யாருக்கு என்ன முறை என்று குழம்பினார்கள். அண்ணன் மேடையில் வாசித்தார். குரல் நன்றாக இருந்தது. இரு கரைகளையும் இணைத்தவர் என்ற இடம் வந்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு சித்தப்பா கையை உயர்த்தினார். காது கொஞ்சம் மந்தம், ஆனால் கேள்வி கேட்பதில் மந்தம் இல்லை.

"பாலத்தை வேணாம்னு சொன்ன ஆளு எப்படிப்பா கரையை இணைச்சார்?"

அண்ணன் தாளைப் பார்த்தார். தாளில் பதில் இல்லை. இன்ஷூரன்ஸ் அண்ணன் மேற்கூரையைப் பார்த்தார். அப்புறம் அண்ணன் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, விட்டுவிடு என்று இருந்ததா, அவளுக்குப் புரியவில்லை. தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, வண்டி கற்றுக்கொடுக்கும் குரலில், நடந்ததை நடந்தபடி சொன்னாள். சுழலை, விஷக்காய்ச்சலை, ஒரே துணியை, பாலத்துச் சுவரை. குறட்டைக் கேள்வியை மட்டும் லாண்டரிக்காரி எழுந்து சொன்னாள். அது அவள் பக்கத்துச் சொத்து. முதலில் சிரித்தது அந்தச் சித்தப்பாதான். அவருக்குப் பாதிதான் கேட்டிருந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. பிறகு பெண்கள் வரிசை முழுவதும் குலுங்கியது. சாப்பாட்டு நேரம் வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலை அடைக்கச் சொன்ன மனுவை இன்னொரு தடவை படி, இன்னொரு தடவை படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். புத்தகம் ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

வீடு திரும்பும்போது அண்ணன் அவள் காரில் வந்தார். பாலத்தில் ஏறியதும், "மெதுவா போ" என்றார். விளக்கு அறையைக் கடந்தபோது கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அவருக்கு மனத்தாங்கலோ என்று அவள் இரண்டு நாள் போன் செய்யவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு, தெரிந்தவர் வீட்டு விருந்தொன்றில், பக்கத்து அறையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. பழைய செய்திக் குரல், முழு வலிமையோடு. எள்ளுத்தாத்தா கயிற்றை அறுத்த இடத்தில் இருந்தார். அந்தக் கத்தியின் பிடி எப்படி இருந்தது, அன்று மேகம் எந்தப் பக்கம் திரண்டது என்பதெல்லாம் அதில் புதிதாக வந்திருந்தன. கேட்டவர்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஆவணக் காப்பகத்தின் நிலவறைக்குத் தானே முட்டி வலியோடு படியிறங்கிப் போய் இதைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். கிளட்ச் அக்கா கதவோரம் நின்று பொறுத்துக்கொண்டாள். ஆனால் கதையில் மூன்றாவதாக ஒரு பெண் வந்தபோது பொறுக்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் அவரை மடக்கினாள்.

"மூணாவது எங்கேருந்து முளைச்சா?"

"ஏம்மா, நீயே யோசி" என்றார் அண்ணன். "கயித்தை அறுத்துக்கிட்டு ஆத்தோட போனான். பல மாசம் கழிச்சுத்தான் திரும்பி வந்தான். அந்த ஆளு அத்தனை மாசம் கீழ்க்கரைல சும்மாவா உட்கார்ந்திருப்பான்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த ஆளைப் பற்றி இதுவரை தெரிந்ததை வைத்துப் பார்த்தால், அண்ணன் சொன்னதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

"அந்தப் பக்கம் போய் ஒரு தடவை விசாரிக்கணும்" என்றார் அண்ணன். "லாண்டரிக்காரியையும் கூட்டிக்கலாம். உனக்கு வண்டி என்னைக்கு ஒழியும்?"

"வியாழக்கிழமை தையல்காரருக்கு லைசென்ஸ் தேர்வு. அதுக்கப்புறம் எப்ப வேணா" என்றாள் அவள்.